டாமியின் தோலும் என் 25,600 ரூபாயும்: ஒரு ஆடிட்டர் தள்ளிப்போட்ட டெஸ்ட்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேக்ஸும் இல்லை. எங்க வீட்டு லேப்ரடார் டாமியோட கணக்கு.

வீட்டுச் செலவை எக்செல்ல எழுதி வைக்கிறது என் பழக்கம்னு வீடியோ பார்க்கிறவங்களுக்குத் தெரியும். போன மாசம் 'டாமி, தோல்'னு ஃபில்டர் போட்டேன். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் 25,600 ரூபாய். டாக்டர் ஃபீஸ் அஞ்சு தடவைக்கு 3,000. மாத்திரை 9,400. ஊசி 2,100. ஷாம்பு, க்ரீம் 4,300. யாரோ சொன்னாங்கன்னு வாங்கின இம்போர்ட்டட் சாப்பாடு 6,800. இவ்வளவுக்கும் அப்புறம் நாய் சொறிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஆரம்பம் சின்னதுதான். வயித்துல சீழ்க்கொப்புளம், வால் அடியில முடி கொட்டின வட்டம். டாக்டர் செஃபலெக்சின் 14 நாள் எழுதினார். எட்டாவது நாள் தோல் நல்லாத் தெரிஞ்சதும் நானே நிறுத்திட்டேன். மூணு வாரத்துல திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை டாக்டர்கிட்டயே போகல, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்ல அதே மாத்திரையை வாங்கினேன். அது கேக்கல. அப்புறம் அமாக்சிசிலின்-கிளாவுலனேட். வேற கிளினிக் மாறினதும் ஒரு ஊசி, கூடவே என்ரோஃப்ளாக்சசின்.

செப்டம்பர்ல அந்த ரெண்டாவது டாக்டர் கேட்டார்: "கல்ச்சர் எடுத்துடலாமா? 1,800 ஆகும்." நான் சொன்ன பதில்: "மொதல்ல இந்த மாத்திரையைப் பார்ப்போம் டாக்டர்." விழுந்துக்கிட்டே இருக்கிற ஷேரை ஆவரேஜ் பண்ணாதீங்கன்னு எத்தனை வீடியோல கத்தியிருப்பேன்! அதையேதான் மாத்திரை ரூபத்துல பண்ணியிருக்கேன். செப்டம்பருக்கு அப்புறம் மட்டும் போனது 14,200.

முடிவு எடுக்க வெச்சது பணம் இல்லை, அம்மா. அவங்களுக்குச் சர்க்கரை, கால்ல ஒரு புண் ஆறாம இருந்துச்சு. டாமிக்கு க்ரீம் தடவுறதும் அவங்கதான். நவம்பர்ல அந்தக் காட்சியைப் பார்த்த அன்னிக்கே கிளம்பிட்டேன். கொப்புளத்தில இருந்து எடுத்ததை மைக்ரோஸ்கோப்ல பார்க்க 500, கல்ச்சர் 1,800. மொத்தம் 2,300.

நாலு நாள்ல ரிப்போர்ட். கிருமி பேரு ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். நாய்த் தோல்ல சாதாரணமாவே குடியிருக்கிறது. நாய்களோட சீழ்ப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமும் இதுதான். பிரச்சினை, ஆக்சசிலினுக்கு நேரா 'ஆர்'னு போட்டிருந்தது. அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத வகை. கிருமி தன் சுவரைக் கட்டுற புரதத்தையே மாத்தி வெச்சிருக்கு. அந்த மாத்தின புரதத்துல பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகள் பெரும்பாலும் ஒட்டாது. செஃபலெக்சின், அமாக்சிசிலின், செஃப்போடாக்சிம்னு நான் எதை மாத்தினாலும் ஒரே குடும்பம்தான். பூட்டை மாத்தின வீட்டுக்கு, பழைய சாவிக்கே புதுப்புது டூப்ளிகேட் போட்டுட்டு நின்ன மாதிரி. என்ரோஃப்ளாக்சசினும் 'ஆர்'தான். ஒவ்வொரு கோர்ஸும் அடங்குற கிருமியைக் கொன்னு, அடங்காததுக்கு இடம் காலி பண்ணிக் கொடுத்திருக்கு.

இனி காஸ்ட்லி மருந்துதான்னு நினைச்சேன். டாக்டர் மாத்திரையே எழுதல. புண் மேல்தோல்ல மட்டும் இருக்கு, ஆழமாப் போகல, அதனால வெளியிலேயே அடிக்கலாம்னார். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, வாரத்துக்கு ரெண்டு தடவை, நுரையோட 10 நிமிஷம் விட்டுத்தான் அலசணும். அந்தப் 10 நிமிஷம்தான் மருந்து. நான் முன்னாடியெல்லாம் ஒரே நிமிஷத்துல கழுவி விட்டிருக்கேன். இந்த வகைக் கிருமியையும் பெரும்பாலும் இது கொல்லும். ரிப்போர்ட்ல 'எஸ்' போட்ட மருந்துகளும் இருந்துச்சு. அதுல ஒண்ணு ரிஃபாம்பிசின், கல்லீரலைப் பார்த்துக்கிட்டே கொடுக்கணும். தேவைப்படாதப்போ தொட வேண்டாம்னுட்டார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "ஏன் திரும்பத் திரும்ப வருது?" நாயோட தோல்ல சீழ் சும்மா வராது; அலர்ஜி, தைராய்டு, பூச்சின்னு அடியில பெரும்பாலும் ஒண்ணு இருக்கும். டாமிக்குத் தெள்ளுப்பூச்சி அலர்ஜி. முதுகுக் கடைசியில முடி கொட்டினது அதோட அடையாளமாம். மாசம் ஒரு மாத்திரை 1,400, மூணு மாசத்துக்கு 4,200. ஷாம்பு மூணு பாட்டில் 1,950, ஸ்ப்ரே 1,100, ஃபீஸ் 1,800. ஆகமொத்தம் 9,050. டெஸ்ட்டையும் சேர்த்தா 11,350. ஜனவரிக்குள்ள தோல் தெளிஞ்சிடுச்சு.

கமெண்ட்ல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில். மனுஷங்களுக்கு இது ஒட்டுமா? அபூர்வம், ஆனா புண் இருக்கிறவங்க, எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்க தள்ளி நிக்கணும். மத்தவங்க கையுறை, சோப்பு. 80டி-ல கழிக்கலாமா? முடியாது, நாய் நம்மளை நம்பித்தான் இருக்குன்னாலும் சட்டப்படி 'டிபென்டன்ட்' கிடையாது. பில்லைப் பாருங்க: கால்நடை கிளினிக்கோட சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, வாங்குற மருந்து, ஷாம்புக்கு அந்த விலக்கு இல்லை. இன்ஷூரன்ஸ்? எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த நோய்க்குப் பொதுவா க்ளெய்ம் வராது, அதனால சொறிய ஆரம்பிச்ச பிறகு பாலிசி தேடாதீங்க. செலவு தாங்காதுன்னா, சென்னையில இருக்கிறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்க.

மருந்து அளவு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, நான் கணக்குப் பார்க்கிறவன். ஆனா ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் புண் பாதிகூடக் குறையலன்னா, புதுசு புதுசா வந்துக்கிட்டே இருந்தா, "கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. ஏற்கெனவே என்னென்ன கொடுத்தீங்கன்னு மறைக்காமச் சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்ல வாங்கினதையும் சேர்த்து. அதைச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு.

இப்போ ஞாயித்துக்கிழமை குளியலுக்கு டைமர் வைக்கிறது அம்மா, தேய்க்கிறது நான். அவங்க நாற்காலியில உக்காந்து, "இன்னும் நாலு நிமிஷம் இருக்குடா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.