24 பள்ளிகள் மறுத்த ஆசிரியர்

பிராட் கோஹனிடம் ஆசிரியர் பட்டம் இருந்தது, பிள்ளைகள்மேல் பிரியமும் இருந்தது. ஆனாலும் அவர் வேலை கேட்டுப் போன 24 பள்ளிகள் கைவிரித்துவிட்டன. நேர்காணலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கழுத்து வெட்டி இழுக்கும். குரைப்பதுபோல ஒரு சத்தம் தொண்டையிலிருந்து கிளம்பும். காரணம், டூரெட் எனும் நரம்பியல் குறைபாடு.

அடக்கினால் அடங்குமா?

1885-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட் இதை விரிவாக விவரித்தார். பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் கண் சிமிட்டலில் தொடங்கும். பிறகு தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று மாறிக்கொண்டே போகும். இவற்றை ‘டிக்’ என்கிறார்கள். உடல் அசைவுகளோடு ஒலியும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட்.

தும்மலுக்கு முன் மூக்கில் ஊறும் அரிப்பைப்போல, டிக் வருவதற்கு முன்பும் உடம்பில் ஓர் உந்துதல் எழும். கொஞ்ச நேரம் அடக்கிவைக்கலாம்தான். ஆனால் அப்படி அடக்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் அதிலேயே போய்விடும். பாடம் எங்கே ஏறும்? கெட்ட வார்த்தை பேசுவதுதான் இந்நோய் என்ற எண்ணமும் தவறு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே அது உண்டு.

அரங்கத்தில் கிடைத்த கைதட்டல்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் படித்தபோது, சத்தம் போட்டதற்காக வகுப்பின் முன் நின்று மன்னிப்புக் கேட்கும்படி ஓர் ஆசிரியர் பிராடைக் கட்டாயப்படுத்தினார். எவ்வளவு கொடுமை! பின்னர் ஒரு தலைமையாசிரியர் வேறுவிதமாக நடந்துகொண்டார். மொத்தப் பள்ளியும் கூடியிருந்த அரங்கில் பிராடை மேடையேற்றி, அவரையே தன் நோயைப் பற்றிப் பேசவைத்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். தனக்குக் கிடைக்காத ஆசிரியராகத் தானே ஆகிவிடுவது என்று பிராட் முடிவெடுத்தார்.

ஜார்ஜியா மாநிலத்தின் மவுன்டன் வியூ தொடக்கப் பள்ளிதான் 25-வது. அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. தன் டிக்குகளைப் பற்றி மாணவர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, கேள்வி கேட்கவும் விட்டார். நேர்காணல் அறையில் பெரியவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போனது. 1997-இல் மாநில அளவில் சிறந்த ஆசிரியர் விருதும் தேடி வந்தது. ராணி முகர்ஜி நடித்த 2018-ஆம் ஆண்டு இந்திப் படம் ‘ஹிச்கி’, இவருடைய சுயசரிதையைத் தழுவியது.

உங்கள் வகுப்பில் இப்படியொரு பிள்ளையா?

அதட்ட வேண்டாம். பதற்றம் கூடினால் டிக்கும் கூடும். கொஞ்ச நேரம் வெளியே போய்வர அனுமதியுங்கள். தேர்வுக்குத் தனி அறை கொடுங்கள். பெற்றோரிடம் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உந்துதல் எழும்போது அதற்கு எதிரான வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சி பலருக்குக் கைகொடுக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும் டிக், வளர வளரப் பலருக்குத் தணிகிறது. கூடவே கவனக்குறைவுக் கோளாறோ, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடியோ இருக்கிறதா என்றும் பரிசோதிக்க வேண்டும். பல பிள்ளைகளின் படிப்பை டிக்கைவிட அதிகம் பாதிப்பவை அவைதான்.