வாயுவுக்குக் காவல்

பொட்டிப்புரம் என்றவுடன் நியூட்ரினோ ஆய்வகம் உங்கள் நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்து அம்பரப்பர் மலையைக் குடைந்து அதனை அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. ஊரார் அஞ்சினர், வழக்குகள் எழுந்தன, அங்கே இடந்தர விருப்பமில்லை என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அவ்வழக்கினுள் நான் புகவில்லை. அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை மட்டும், அதாவது வாயுவைப் பங்கிட்டுக் காவல் காக்கும் முறையை, விளக்க விரும்புகிறேன்.

திட்டப்படி 50,000 டன் காந்த இரும்பு. அதன் அடுக்குகளுக்கிடையே சுமார் 28,800 கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உடையது. உள்ளிடைவெளியோ 2 மில்லிமீட்டரே. நியூட்ரினோ இரும்பில் மோதுகையில் பிறக்கும் துகள் அங்குள்ள வாயுவை ஊடுருவும்போது சிறு மின்துடிப்பு எழும். வாயுக் கலவையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் குளிர்பதனப் பெட்டிகளில் புழங்கும் ஆர்-134ஏ. மீதி ஐசோபியூட்டேனும் சிறிதளவு சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடும். பெட்டிக்கு எட்டு லிட்டர் எனக் கொண்டால் மொத்தம் இரண்டு லட்சம் லிட்டரைத் தாண்டும். புவியைச் சூடேற்றுவதில் முதல் வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. கடைசியது இருபதாயிரம் மடங்குக்கு மேல். ஆகவே பயன்பட்ட வாயுவை வெளியே விடாமல், தூய்மை செய்து மீண்டும் சுற்றவிட வேண்டும். கசிந்தால் என்னவாகும் என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், அது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று.

சோதனைச் சாலைகளில் வாயு ஓட்டத்தை அறியக் குழாய் நுனியை எண்ணெயில் அமிழ்த்திக் குமிழிகளை எண்ணுவதுண்டு. நானும் ஒருமுறை எண்ணிக்கை தவறி மறுபடி தொடங்கியிருக்கிறேன்! பெட்டிக்கு ஒரு நிமிடம் என்றாலும் 28,800 பெட்டிகளுக்கு இரவும் பகலுமாக இருபது நாள் ஆகும். இது கணிப்பொறிக்கு உரிய வேலை. உணரிகள் அழுத்தத்தை எண்ணாக்கி அனுப்பும். கணிப்பொறி வால்வுகளை ஆளும்.

ஆனால் எண் வந்தால் போதுமா? வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம். மாலை நான்கு மணியளவில் தாழ்வு. பெட்டியின் அழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளக்கிறோம். எனவே காலையில் வெளியழுத்தம் ஏற ஏற, கசிவே இல்லாத பெட்டியும் கசிவது போலத் தோன்றும். வெப்பநிலையும் இவ்வாறே ஏமாற்றும். இவ்விரண்டையும் உடன் அளந்து, அவற்றின் பங்கைக் கழித்த பின் எஞ்சுவதுதான் கசிவு. நகரத்துச் சமையல் வாயுக் குழாய்களிலும், உட்சென்ற அளவையும் வீடுகளில் செலவான அளவையும் இப்படித் திருத்தியே ஒப்பிட வேண்டும்.

பொட்டிப்புரத்தில் அந்த ஆய்வகம் எழவில்லை. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி ஒன்று 2018-இல் இயங்கத் தொடங்கியது. அதிலுள்ள பெட்டிகள் இருபது.