பரண் லேப்டாப்பும் 8086 என்ற எண்ணும்

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் வீட்டுப் பரணில் துழாவினால், அரசு கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று அகப்படக்கூடும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இவை. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அவற்றில் ஏற்றித் தரப்பட்டது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கேட்கிறது. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. பழைய லேப்டாப் வாசலிலேயே நின்றுவிடுகிறது. லினக்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னால், உடனே எழும் கேள்வி: "இந்த மதர்போர்டுக்கு அது ஒத்துவருமா? டிரைவருக்கு எங்கே போவது?"

பெரும்பாலும் எங்கும் போக வேண்டாம்.

விண்டோஸ் உலகில், வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுவது பெரும்பாலும் பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் வேலை. புதிய பதிப்புக்கு அவர்கள் எழுதித் தராவிட்டால் நல்ல பிரிண்டரும் மூலைக்குப் போகும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் ஏற்பாடு வேறு. டிரைவர்களில் பெரும்பகுதி, இயங்குதளத்தின் மையமான கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. கர்னலின் உள்ளமைப்பை ஒருவர் மாற்றினால், அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் அவரே திருத்தியாக வேண்டும். ஆகவே ஒருமுறை உள்ளே வந்த டிரைவர், தயாரித்த நிறுவனம் கைகழுவிய பிறகும் வருடக்கணக்கில் ஓடுகிறது. லினக்ஸில் திணறுவது பெரும்பாலும் நேற்று கடைக்கு வந்த புத்தம்புது மதர்போர்டுதான். அதற்கான டிரைவர் கர்னலுக்குள் வந்து சேரக் காலம் பிடிக்கும். பத்து வயது லேப்டாப்புக்கு அதன் வயதே அனுகூலம்.

அதற்கும் எல்லை உண்டு. இன்டெல் 386 செயலிக்கான ஆதரவை 2012 இறுதியில் கர்னலிலிருந்து நீக்கினார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை, பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவியைத் தரவில்லை. செயலி 64 பிட்டா என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

எந்த சிப்புக்கு எந்த டிரைவர் என்பது கர்னலுக்கு எப்படித் தெரிகிறது? மதர்போர்டின் பிசிஐ தடத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தயாரிப்பாளரைச் சொல்லும், மற்றது மாடலை. டிஎன் 72 என்று கண்டதும் திருநெல்வேலி வண்டி என்று தெரிவதுபோல, 8086 என்றால் இன்டெல், 1022 என்றால் ஏஎம்டி. இன்டெல் தனக்கு வைத்துக்கொண்ட அந்த எண், 1978-இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயர். கணினி எழும்போது இந்த எண்களைப் படித்து, டிரைவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துவதை ஏற்றிக்கொள்கிறது லினக்ஸ்.

அதே எண்களை நாமும் பார்க்கலாம். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு 'என்என்கே' என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு சிப்பும் அதை இயக்கும் டிரைவரும் வரிசையாக வரும். டிரைவர் வரி இல்லாத சிப்பைத்தான் கவனிக்க வேண்டும். 'டிஎம்ஐடீகோட்' கட்டளை மதர்போர்டின் மாடலையும் பயாஸ் தேதியையும் திருப்புளி இல்லாமலே சொல்லிவிடும்.

எண் பொருந்திவிட்டால் எல்லாம் ஓடிவிடும் என்பதில்லை. ஒரே ஒலி சிப்பை ஸ்பீக்கரோடும் மைக்கோடும் ஒவ்வொரு லேப்டாப் நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இணைக்கிறது. சிப்பைக் கர்னல் அடையாளம் கண்டும் மைக் மட்டும் ஊமையாக இருப்பது இதனால்தான். அப்படிப்பட்ட மாடல்களுக்கென்றே கர்னலில் திருத்தப் பட்டியல் ஒன்று வளர்ந்துகொண்டே வருகிறது.

வைஃபை இன்னும் பிடிவாதக்காரன். பல வைஃபை சிப்புகளுக்கு டிரைவரோடு, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரும் தேவை. அதன் மூலநிரலை நிறுவனங்கள் பொதுவாகத் தருவதில்லை. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் இழுத்துவந்து ஓட்டிய காலமும் இருந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் தந்தது. மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்த டெபியன், 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

இத்தனை சிக்கல் இருந்தும் லினக்ஸை அரசுகளே எடுத்துக்கொண்டதுண்டு. பாபநாசத்துக்கு மேற்கே பொதிகை மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் 'கைட்' ஆன நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. தமிழகத்திலும் 2007 வாக்கில் அரசின் எல்காட் நிறுவனம், ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் அதன் பொறுப்பில் இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது.

அரசு மொத்தமாக வாங்கும்போது டிரைவர் உண்டா என்று விற்பவரிடமே கேட்கலாம். தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கினால் ஹார்ட் டிஸ்கில் உள்ளது அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வைஃபை மட்டும் மக்கர் செய்தால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி 'டெதரிங்'கை இயக்கலாம். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருப்பதால் போனின் இணைய இணைப்பு லேப்டாப்புக்கு வந்துவிடும். விடுபட்ட ஃபர்ம்வேரை அதன் வழியாகவே இறக்கிக்கொள்ளலாம்.