லெகோ: பெட்டியில் இருப்பதை மட்டும்தான் கட்டணுமா?

பிறந்தநாளுக்கு வந்த லெகோ பெட்டி. கையேட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் விண்கலம் ரெடி. அடுத்த நாளே அது ஷோகேஸுக்குப் போய்விடும். அப்புறம் தொட்டால் திட்டுதான். இதில் குழந்தையின் கற்பனைக்கு என்ன வேலை?

கட்டையைக் குறை சொல்ல முடியாது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே வடிவம்தான் இன்றும். அந்தக் காலத்துக் கட்டை இப்போதைய கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் போதும். 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம்.

மாறியது பெட்டிதான். 1999-இல் 'ஸ்டார் வார்ஸ்' செட்கள் வந்தன. பிறகு சினிமா செட்கள் பெருகின. 2017-இல் வந்த 'மில்லேனியம் ஃபால்கன்' செட்டில் 7,541 துண்டுகள். ஆனால் கையேடு காட்டும் முடிவு ஒன்றே ஒன்று.

இதனால் என்ன ஆகிறது? பேஜ் மோரோ, மாரிட் எங்கெசெட் ஆகிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கையேட்டைப் பின்பற்றிக் கட்டியவர்கள், இஷ்டத்துக்குக் கட்டியவர்களைவிட அடுத்து வந்த கற்பனைப் பயிற்சியில் பின்தங்கினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள் என்பதால், குழந்தைகளுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இலக்கு எதுவும் வைக்காத 'கிளாசிக்' பெட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. புதிது வாங்கவும் வேண்டாம். விண்கலத்தைக் கழற்றிப் பழைய துண்டுகளோடு ஒரே டப்பாவில் கொட்டினால், அதன் இறக்கை நாளைக்குக் கோழிக்கூண்டின் கூரையாகலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதைக் கழற்ற அப்பாவுக்குத்தான் மனசு வரணும்!