ஏசுபவரை நீக்கினால் ஏச்சு நிற்குமா?

முகம் தெரியாத நான்கு பேரோடு ஓர் அணியாகச் சேர்ந்து கணிப்பொறியில் விளையாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கை ஒருமுறை தவறிவிடுகிறது. உடனே திரையின் ஓரத்தில் வசைச் சொற்கள் வந்து விழுகின்றன. ஆட்டத்துக்குப் புதியவர் என்றால் மறுநாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

இதைச் சீர்செய்ய என்ன வழி? "ஏசுபவர்களைப் பிடித்து வெளியே அனுப்பிவிடலாம்" என்பீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் இதில் மோதும். ஏச்சுத் தொல்லை பெருகவே, ஜெஃப்ரி லின் என்ற நரம்பியல் அறிஞரின் குழு அதை ஆராய்ந்தது. எப்போதும் தொல்லை தருபவர்களால் விளைந்தது ஏறக்குறைய 13 விழுக்காடுதான்! மீதி 87 விழுக்காடு, மற்ற நேரங்களில் ஒழுங்காக ஆடுபவர்களிடமிருந்தே வந்தது. ஒருநாள் எரிச்சல், ஒரு தோல்வி, யாரோ முதலில் ஏசியதற்குப் பதில் ஏச்சு என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெரிய ஓட்டையை அடைத்துவிட்டீர்கள். ஆனால் சுவர் முழுவதும் கசிகிறது. தண்ணீர் நிற்குமா? இதுவும் அப்படித்தான். ஆளை மாற்றுவதைவிட ஆடுகளத்தின் அமைப்பை மாற்றிப் பார்க்கவேண்டும்.

லின் குழு அதைத்தான் செய்தது. எதிரணியோடு எழுதிப் பேசும் வசதியை மூடிவைத்தார்கள். தடை ஏதும் இல்லை. வேண்டுமென்றால் ஆட்டக்காரரே அதைத் திறந்துகொள்ளலாம். பலர் திறந்துகொண்டார்கள். பேச்சின் அளவு குறையவில்லை. ஆனால் மாற்றத்துக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டபோது, கெட்ட பேச்சு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. நல்ல பேச்சு ஏறக்குறைய 35 விழுக்காடு கூடியிருந்தது. விசையைத் தேடிப் போகும் அந்த ஒரு நொடியில் கோபம் சற்று ஆறியிருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கையானது. 'தவறு செய்த தோழரை ஏசினால் அவர் ஆட்டம் இன்னும் மோசமாகும்' என்ற பொருளில் ஒரு குறிப்பைத் திரையில் காட்டினார்கள். வசைச் சொற்கள் சுமார் 11 விழுக்காடு குறைந்தன. ஆனால் குறிப்பு சிவப்பு எழுத்தில் இருந்தபோதுதான் இந்த விளைவு நன்றாகத் தெரிந்தது!

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? வேண்டும். ஆனால் "நீ நீக்கப்பட்டாய்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அவர் எழுதிய வசையையே எடுத்துக் காட்டி, இதற்காகத்தான் தண்டனை என்று சொன்னபோது திருந்தியவர்கள் கூடினார்கள்.

இவை நிறுவனமே தன் ஆட்டத்தில் எடுத்த கணக்குகள் என்பதையும் மறக்கவேண்டாம். நோய் முற்றிலும் தீர்ந்துவிடவும் இல்லை. 2021ஆம் ஆண்டில் எதிரணியோடு எழுதிப் பேசும் வசதியையே நிறுவனம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

நண்பர்களோடு சேர்ந்து நீங்கள் ஆடும் குழு ஏதேனும் இருக்கிறதா? அங்கேயே சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம், ஆட்டத்துக்கு எத்தனை ஏச்சு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடம் வரை யாரும் எதுவும் எழுதக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு வாரங்களிலும் ஆடுபவர்களும் ஆடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். தேர்வு வாரத்தையும் விடுமுறை வாரத்தையும் ஒப்பிட்டால், ஏச்சு குறைந்தது உங்கள் மாற்றத்தாலா, விடுமுறையாலா என்று சொல்லமுடியாது.