ரேக்கைப் பார்க்காமல் சர்வர் வாங்காதீர்கள்

அறையில் ஏசி 18 டிகிரியில் ஓடுகிறது. சர்வர் சூடு தாங்காமல் தானே அணைந்துபோகிறது. கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, சின்ன மருத்துவமனை என்று எங்கே போனாலும் இதே புகார். போனதும் நான் பார்ப்பது ரேக்கின் முன்கதவைத்தான். பெரும்பாலும் கண்ணாடிக் கதவு.

அந்த ரேக் என்றோ சுவிட்சுகளுக்காக வாங்கியது. சர்வரோ முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுவது. முன்னால் கண்ணாடி அடைத்தால் இழுக்கக் காற்று ஏது? தான் தள்ளிய சூட்டையே சுற்றிவந்து மறுபடி இழுக்கிறது. 19 அங்குல அகலம் சரியாக இருந்தால் போதும் என்கிறார் விற்பவர். போதாது. அகலம் பொருந்துவது வேறு, காற்றோட்டம் பொருந்துவது வேறு.

சுவிட்சிலும் திசை உண்டு. சிஸ்கோ நெக்சஸ் வகையில் ஃபேனில் அடர் சிவப்பு நிறம் என்றால் போர்ட் பக்கம் காற்றை இழுக்கும். நீலம் என்றால் அந்தப் பக்கம் சூட்டைத் தள்ளும். ஃபேனும் பவர் சப்ளையும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

டெண்டரில் "42யு ரேக், ஃபேனுடன்" என்று பழைய வாசகத்தையே ஒட்டும் அதிகாரிகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: "எங்களிடம் உள்ள ரேக்கின் ஆழம், கதவு வகை, உள்ளிருக்கும் கருவிகளின் பட்டியல் இணைப்பில் உள்ளன. இவற்றோடு காற்றோட்டம் பொருந்தும் கருவியையே தர வேண்டும். முழுப் பளுவில், கதவு மூடிய நிலையில், சர்வரின் முன்பக்க வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டக் கூடாது." ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி, அது சர்வர் இழுக்கும் காற்றின் சூடு, ஏசி ரிமோட்டில் தெரியும் எண் அல்ல.

இந்த நாலு வரிக்குச் சட்ட பலம் உண்டு. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு: தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெறும் மாடல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். 41ஆம் பிரிவின்படி, ஏற்குமுன் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கேட்கலாம். ஆகவே சோதிக்காமல் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடி சொல்கிறேன், போடாதீர்கள். ஏற்றுக்கொண்ட பின் திருப்பி அனுப்புவது கடினம். பெரும்பாலும் நஷ்டஈடு மட்டுமே கேட்க முடியும்.

டெல் ஐடிராக், ஹெச்பி ஐஎல்ஓ போன்ற சர்வர் கண்காணிப்பு வசதிகள் இன்லெட் வெப்பநிலையைக் காட்டும். அதை நாள், நேரத்தோடு எடுத்துவைத்து, எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். போனில் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். நுகர்வோர் ஆணையம் வணிகத் தேவைக்கு வாங்கியவரை ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் போகலாம். 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

இன்றே செய்ய வேண்டியது: கண்ணாடிக் கதவைக் கழற்றுங்கள். காலி இடங்களை பிளாங்கிங் பேனலால் மூடுங்கள். பின்பக்கம் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை அப்புறப்படுத்துங்கள்.