வெடிக்கப்போகும் கட்டைக்கு ஒரு காடி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்துவரும் பைன் மரப்பெட்டிகள் காலியானதும் பழைய மரமாக விலைக்குப் போகின்றன. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தச்சர் பெஞ்சு செய்ய நினைத்தால் பலகைக்குப் பஞ்சமில்லை. கால்களுக்குப் பட்டை உரித்த சவுக்கையோ இளந்தேக்கையோ உருட்டுக்கட்டையாகவே வைத்தால் அழகுதான். ஆனால் பலகை காய்ந்தது, கட்டை பச்சை. சிக்கல் அங்கேதான்.

மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுருக்கம் தொடங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. முழுக்கக் காயும் தேக்கு, மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஏறக்குறைய 2.5 சதவீதம் சுருங்கும். வளையங்களின் போக்கில் 5.8. வித்தியாசம் 3.3 சதவீதம். 10 செ.மீ. விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு 31 செ.மீ. என்றால், அதில் ஏறக்குறைய 1 செ.மீ. துண்டு விழுகிறது. வீட்டுக்குள் மரம் அவ்வளவு காயாது. அரை சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அரை சென்டிமீட்டருக்குக் கட்டை எங்காவது வெடித்தே தீரும். இத்தனைக்கும் தேக்கு சாதுவான மரம். வெடித்த பிறகு மரத்தூளும் பசையும் அடைப்பது, என்னைக் கேட்டால், வீண்வேலை.

வெடிப்பைத் தடுக்க முடியாது. எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். கட்டை காயும் முன்பே, கண்ணில் படாத பக்கத்தில், நீளவாக்கில் மையம்வரை ஒரு காடி வெட்டிவிட வேண்டும். சுருக்கம் முழுவதும் அந்த இடத்தில் வாய் பிளந்து தீர்ந்துகொள்ளும். ஜப்பானியத் தச்சர்கள் வீட்டுத் தூண்களில் செய்யும் 'செவாரி' இதுதான். வெட்டுக்குள் ஆப்பும் செருகி வைப்பார்கள்.

உருண்டைக் கட்டையில் நேர்கோடு போடுவதுதான் பாதி வேலை. கட்டையை உருளாமல் இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்தி, இரு முனைகளிலும் தூக்குக்குண்டு பிடித்து மையத்தின் வழியாக நெட்டுக்கோடு இழுக்க வேண்டும். அவற்றின் மேல்நுனிகளை இணைத்துச் சாயநூல் அடித்தால், கட்டை சற்றுக் கோணலாக இருந்தாலும் கோடு ஒரே தளத்தில் நிற்கும். பக்கத்துக்கு ஒரு ரீப்பரை ஒரே மட்டத்தில் அடித்துவிட்டால் வட்டரம்பத்துக்கு அதுவே மேடை. ஒரே மூச்சில் மையம்வரை இறக்கக் கூடாது. மூன்று நான்கு ஓட்டமாக ஆழப்படுத்துவது நல்லது. பச்சை மரம் சில நேரம் வெட்டை இறுக்கி ரம்பத்தைக் கவ்வும், இயந்திரம் ஆள்மீது துள்ளும். அறுத்த இடத்தில் ஆப்பு செருகிக்கொண்டே போனால் அந்த ஆபத்து குறையும்.

பலகை நுழைவதற்கான காடி வேறு. அதை இப்போதே வெட்டினால், கட்டை காயும்போது அகலம் மாறிப் பலகை ஆடும். கட்டை காய்ந்த பிறகு ரம்பத்தால் இரு ஓரமும் அறுத்து, உளியும் கொட்டாப்புளியுமாக நடுவைக் கொத்தி எடுக்கலாம். பலகையைப் பசை போட்டு இறுக்க வேண்டாம். ஐப்பசி மழையில் பைன் அகலவாக்கில் ஊதும். அதற்கு இடம் விட வேண்டும்.